அடுக்கு ஐஸ்கிறீமின் வரலாறு

பிறந்தநாள் விருந்தின் நடுவே வைக்கப்படும் அடுக்கு ஐஸ்கிறீம் கேக் பார்வைக்கு எளிய பண்டம். அடியில் மெத்தென்ற கேக், அதன்மேல் ஒரு நிற ஐஸ்கிறீம், அதற்கும் மேல் வேறொரு நிறம். இதனை வீட்டிலே செய்வோர், முதலடுக்கைத் தட்டிற் பரப்பி உறையவிட்டு, அது நன்கு இறுகிய பின்னரே அடுத்ததை இடுவர். அவசரப்பட்டால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே, ஓரடுக்கு இறுகும்வரை குளிரைக் கைவசம் வைத்திருத்தலே இதன் இரகசியம். அந்தக் குளிர் சாதாரண மக்களின் வீட்டுக்கு வந்து சேர ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் சென்றன.

பனிக்கட்டி இருந்தால் மட்டும் போதாது. உருகும் பனிக்கட்டி பூச்சிய பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. சர்க்கரை சேர்ந்த பாலோ அதனினும் தாழ்ந்த குளிரிலேயே உறையும். நொறுக்கிய பனிக்கட்டியில் உப்பைக் கலந்தால், அது பூச்சியத்துக்குக் கீழே 21 சென்ரிகிறேட் பாகை வரை தாழக்கூடும். உப்பினால் உருகும் பனிக்கட்டி, தான் உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அருகிலுள்ள பாத்திரத்திலிருந்து கவர்ந்துகொள்கிறது. நேப்பிள்ஸ் நகர அறிஞர் டெல்லா போர்ட்டா 1589இல் வெளியான தமது நூலில், பனியும் வெடியுப்பும் கொண்டு திராட்சை மதுவை உறையவைக்கும் வகையை எழுதினார். அதே நகரில் 1690களில் அன்ரோனியோ லற்றினி என்பார் பாலினாற் செய்யும் உறைபண்டமொன்றுக்குக் குறிப்புத் தந்தார். மூவண்ண அடுக்கு ஐஸ்கிறீம் நேப்பிள்ஸின் பெயரால் வழங்குவது பொருத்தமே.

எனினும், நெடுங்காலம் இது பிரபுக்களின் பண்டமாகவே இருந்தது. மாரியிற் கிடைத்த பனிக்கட்டியைக் கோடைவரை நிலவறையிற் காக்க நிலமும் ஏவலாளரும் வேண்டுமன்றோ? இந்நிலையை மாற்றத் தொடங்கியவர் பொஸ்ரன் வணிகர் பிரெடெரிக் ரியூடர். ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை அவர் வெப்ப நாடுகளுக்குக் கப்பலேற்றினார். 1833 மே மாதம் 180 தொன்னுடன் புறப்பட்ட 'ரஸ்கனி' என்னும் கப்பல், பூமத்திய கோட்டை இருமுறை கடந்து செப்ரெம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது, ஏறக்குறைய 100 தொன் உருகாது எஞ்சியிருந்தது! சென்னைக் கடற்கரையில் இவ்வணிகத்துக்கென 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் இன்றும் நிற்கிறது. 1897இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான்.

பனிக்கட்டி மலிந்தபோதும் கைவலி தீரவில்லை. பாத்திரத்தை உப்புப் பனிக்கட்டியில் அமிழ்த்திச் சுழற்றி, இடையிடையே திறந்து, ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டிக் கலக்கவேண்டும். பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜோன்சன் என்னும் பெண்மணி, வெளியே கைப்பிடியைச் சுழற்ற உள்ளே துடுப்புச் சுழலும் வாளியொன்றை அமைத்து, 1843 செப்ரெம்பர் 9இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ரியூடரைப் பக்கம் பக்கமாகப் புகழ்வோர் இவ்வம்மையாரை ஒரு வரியோடு விட்டுவிடுவது நியாயமன்று. ஐஸ்கிறீமை வீட்டுப் பண்டமாக்கியதில் அவ்வாளிக்குப் பெரும் பங்குண்டு.

அடுக்குகளை அமைக்கும் கலையைக் குடும்பப் பெண்களுக்கு விளக்கியவர்களுள் இலண்டனிற் சமையற் பள்ளி நடத்திய அக்னஸ் மார்ஷல் முதன்மையானவர். ஐஸ்கிறீம் பற்றிய அவரது முதல் நூல் 1885இல் வெளிவந்தது. அக்காலத்தில் உலோக அச்சின் உட்புறத்தில் ஒருவகை ஐஸ்கிறீமைப் பூசி, நடுவில் வேறொன்றை நிரப்புவர். உப்புநீர் புகாவண்ணம் மூடியின் விளிம்பை வெண்ணெயாலோ கொழுப்பாலோ அடைத்து, அச்சு முழுவதையும் உப்பிலும் பனிக்கட்டியிலும் பல மணிநேரம் புதைத்துவைப்பர். பரிமாறும் வேளையில் அச்சை ஒரு கணம் இளஞ்சூட்டு நீரில் அமிழ்த்திக் கவிழ்ப்பர். உப்புநீர் உட்புகுந்தால் அன்றைய உழைப்பெல்லாம் வீண்.

கேக்கும் ஐஸ்கிறீமும் கூடிய வேடிக்கையான வடிவமொன்றை நியூயோர்க்கின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் சார்ள்ஸ் ரான்ஹோபர் தமது 1894ஆம் ஆண்டு நூலில் விவரித்தார். கேக்கின்மேல் வாழைப்பழ ஐஸ்கிறீமையும் வனிலா ஐஸ்கிறீமையும் வைத்து, நுரைக்க அடித்த முட்டை வெண்கருவால் மூடி, சூடான அடுப்பிலே சிறிது நேரம் வைக்கும் முறை அது. வெண்கரு நுரையிலும் கேக்கிலும் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுப்பதால், மேற்புறம் பொன்னிறமாகச் சிவந்தாலும் உள்ளே ஐஸ்கிறீம் உருகுவதில்லை.

1920களில் மின்சாரக் குளிர்சாதனப் பெட்டி அமெரிக்க வீடுகளுக்குள் வரத் தொடங்கியது. ஆரம்பத்தில் அதன் உறைபகுதி பனிக்கட்டித் தட்டுகளை வைப்பதற்கே போதியதாயிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பெரிய உறைபகுதிகள் பரவியபோதுதான், உப்பும் வாளியுமின்றி, கேக் தட்டையே அச்சாகக் கொண்டு அடுக்கடுக்காக உறையவைக்கும் வழக்கம் சாதாரண வீடுகளில் வேரூன்றியது.