கம்பாரின் தரைக்கடியில்: வளரும் சிறுநகருக்கு ஒரு நிலவியல் திட்டம்

பேராக்கில் எரிமலை கிடையாது. எரிமலைச் சாம்பல் உண்டு. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா வெடித்தபோது பறந்து வந்த சாம்பல், லெங்கோங்கின் கோத்தா தம்பானில் கற்கருவிகளோடு கிடைத்திருக்கிறது. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு அஞ்ச வேண்டியது மழைக்கும் சுண்ணாம்புக் கல்லுக்கும்தான். இரண்டுக்கும் நடுவில் வளர்ந்துகொண்டிருக்கும் ஊர் கம்பார்.

1985இல் ஈய விலை சரிந்தபின் களையிழந்த ஊர் இது. 2007இல் பழைய ஈய லம்ப (சுரங்க) நிலத்தில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. மாணவர் வந்தார்கள், வாடகை வீடும் சாப்பாட்டுக் கடையும் பெருகின, 2009இல் கம்பார் தனி மாவட்டமாயிற்று. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர், மேற்கே தோண்டி முடித்த பள்ளத்தாக்கு. மலைப்பக்கம் என்ன நடக்கும் என்பதை 1996 ஆகஸ்டு 29 காட்டியது. கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங் பூர்வகுடிக் கிராமத்தின் மேல் சேறும் பாறையும் மரத்தடிகளும் வெள்ளத்தோடு இறங்கின. இறந்தவர்கள் 44 பேர்.

ஈப்போ அதற்கு முன்பே பாடம் கண்டிருந்தது. 1973 அக்டோபர் 18 அன்று, கல்லுமலைக் கோயில் இருக்கும் குனோங் சீரோவில் சுண்ணாம்புப் பாறை பெயர்ந்து அடிவாரக் குடியிருப்பை நசுக்கியது. ஏறக்குறைய 40 பேர் மாண்டனர்.

பள்ளத்தாக்கின் தரைக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அங்கே சுண்ணாம்புக் கல் சமதளமாக இல்லை. கூர்முனைகளும் குழிகளுமாக இருக்கிறது. ஓரிடத்தில் சில அடியில் பாறை தட்டும். பக்கத்திலேயே துளைக்கருவி ஆழமாக இறங்கிக்கொண்டே போகும். அதன் மேல் ஈயத் தொழில் இன்னொரு குழப்பத்தை விட்டுப்போயிருக்கிறது. நீரைப் பீச்சி மண்ணைக் கரைத்து, பாலோங் என்னும் மர வாய்க்காலில் ஏற்றி ஈயத்தைப் பிரித்தார்கள். கழிவு நீர் விழுந்த வாயருகே மணல் தங்கியது. நுண்ணிய களிச்சேறு தொலைவில் போய்ப் படிந்தது. ஒரே தாமான் குடியிருப்பில் முன்வரிசை வீடுகள் மணல்மேலும் பின்வரிசை களிச்சேற்றின்மேலும் நிற்கக்கூடும். நிலத்தடிக் குழாய் ஒன்று ஓராண்டாகக் கசிந்தால் போதும்: மண் பாறைப் பொந்துக்குள் அரித்துச் செல்லப்படும், மேலே தார்ச்சாலை மட்டும் கூரை போல நிற்கும், ஒருநாள் அதுவும் உட்காரும். தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் இங்கே வசதி மட்டுமல்ல. நிலத்தின் உறுதியே அவற்றைப் பொறுத்தது.

சட்டத்தில் குறை பெரிதாக இல்லை. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21ஏ பிரிவு, மேம்பாட்டு விண்ணப்பத்தோடு நிலவியல், வடிகால், நீர்நிலை விவரங்களையும் கேட்கிறது. கேட்பது மனை மனையாக. ஒரு மேம்பாட்டாளர் தோண்டிய துளையின் விவரம் அவர் கோப்பில் உறங்கும். பக்கத்து மனைக்காரர் காசு கொடுத்து மறுபடி தோண்டுவார். சாலை, வடிகால், பிரதானக் குழாய் எல்லாம் மனைகளைத் தாண்டி ஓடுபவை. அவற்றுக்கான முழுப் படத்தை யாரும் கேட்பதில்லை.

பேராக் தமிழர்களுக்கு இந்தக் கதை பழக்கமானது. 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது, ஒரே நிர்வாகம் பார்த்துவந்த சாலையும் வாய்க்காலும் பல கைகளுக்குப் பிரிந்தன. சுங்கை சிப்புட்டின் அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது துண்டாடலிலிருந்து தோட்டங்களையும் தொழிலாளரையும் காக்கத்தான். அதே தோட்டங்கள் இன்று தாமான்களாகும்போது தகவலும் துண்டாடப்படுகிறது.

வரைபடம் பிந்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாயி ஒரு சான்று. அங்கே லெய்லானி எஸ்டேட்ஸ் குடியிருப்பு 1960களில் மனை போட்டு விற்கப்பட்டது. எரிமலைக் குழம்பின் அபாய மண்டல வரைபடம் 1974இல்தான் வந்தது. 2018இல் கிலாவேயா எரிமலை வெடித்து அந்த வட்டாரத்தில் 700க்கு மேற்பட்ட வீடுகளை விழுங்கியது. ஹாங்காங் வேறு வழியில் போனது. 1972, 1976 நிலச்சரிவுகளுக்குப் பின் 1977இல் நிலப்பொறியியலுக்கெனத் தனி அலுவலகம் கண்டு, துளைப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி சேர்த்து வைத்தது.

கம்பாருக்கும் அதுவே வேண்டும். கனிமவள, புவி அறிவியல் துறை துளைப் பதிவுகளைத் தொகுக்க வேண்டும். ஊராட்சி மன்றம் அவற்றைக் கேட்டு வாங்கும் நிபந்தனையை மேம்பாட்டு அனுமதியிலேயே எழுத வேண்டும். குழாய், வடிகால் பாதைகளை அந்த வரைபடத்தின் மேல் வரைந்த பிறகே மனைகளைப் பிரிக்க வேண்டும். வரைபடம் வெளியானால் வீட்டு விலை விழும் என்பார்கள். விழலாம். இன்று அந்த நட்டத்தை, விவரம் அறியாமல் வாங்கியவர் தலையில்தான் கட்டுகிறோம்.

வட்டாரத் திட்ட வரைவைப் பொதுப் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் பெற வேண்டும் என்று அதே 1976 சட்டம் சொல்கிறது. கம்பாரின் அடுத்த வரைவு வரும்போது, தரைக்கடி வரைபடம் எங்கே என்பதை முதல் ஆட்சேபமாக எழுதிக் கொடுக்கலாம்.