கடல் கடந்த கழுகு – 14: டூயிக்கு முன்னால் போன மதராஸ் சிப்பாய்கள்

மணிலா விரிகுடாவில் 1898 மே 1ஆம் தேதி ஸ்பெயினின் கிழட்டுக் கப்பல்கள் எரிந்து மூழ்கியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அமெரிக்கக் கமடோர் டூயியின் ஆட்களில் ஒருவர்கூட எதிரியின் குண்டுக்குப் பலியாகவில்லை. கடலில் வேலை முடிந்தது. ஆனால் நகரம் ஸ்பெயினிடமே இருந்தது. வெளியே பிலிப்பினோ விடுதலைத் தலைவர் அகினால்டோவின் வீரர்கள் அதைச் சுற்றி வளைத்திருந்தார்கள். ஜூன் 12 அன்று காவித் ஊரில் அவர் சுதந்திரப் பிரகடனமே செய்துவிட்டார்.

ஆகஸ்ட் 13 அன்று மணிலா விழுந்தது. அது நாடகச் சண்டை. ஸ்பானிய ஆளுநர் ஹாவுதெனெஸ், பெல்ஜியத் தூதர் மூலம் டூயியோடு முன்கூட்டியே பேசி முடித்துவிட்டார். மானத்துக்காகக் கொஞ்சம் சுடுவது, பிறகு வெள்ளைக் கொடி. பிலிப்பினோக்கள் மட்டும் நகருக்குள் வரக்கூடாது என்பது இருவருக்கும் உடன்பாடு. இத்தனைக்கும், சில மணி நேரம் முன்பே வாஷிங்டனில் போர்நிறுத்தம் கையெழுத்தாகியிருந்தது. மே மாதமே கடலடித் தந்திக் கம்பியை டூயி வெட்டிவிட்டதால் அந்தச் செய்தி மணிலாவுக்கு வந்து சேரவில்லை.

செய்தி தெரியாமல் சண்டை போடுவது மணிலாவுக்குப் புதிதல்ல. 136 ஆண்டுகளுக்கு முன்பும் இதேதான் நடந்தது. அப்போது அந்த விரிகுடாவுக்குள் நுழைந்த கப்பல்கள் புறப்பட்ட இடம் நம் மதராஸ் கடற்கரை. அமெரிக்கப் பேரரசின் கதையில் மதராஸுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஆசியாவில் அமெரிக்கா கைவைத்த முதல் பெரிய நிலத்தை அதற்கு முன் ஒருமுறை பறித்த படையில் நம் ஆட்கள் இருந்தார்கள். அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

1762 ஜனவரியில் இங்கிலாந்து ஸ்பெயின் மீது போர் தொடுத்தது. வில்லியம் டிரேப்பர் என்ற படைத்தலைவருக்கு இது நல்ல வாய்ப்பு. பிரெஞ்சுத் தளபதி லாலி மதராஸை முற்றுகையிட்டபோது கறுப்பர் நகரத்துக்குள் பாய்ந்து சண்டை போட்டவர் அவர். மணிலாவைப் பிடிக்கும் திட்டத்தோடு லண்டனுக்குப் போய், அனுமதியோடு மதராஸ் திரும்பினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைக் கவுன்சிலுக்கு இதில் விருப்பமே இல்லை. கேட்ட படையைக் கொடுக்கவில்லை. கடைசியில் கிடைத்தது ஒரு கதம்பம். டிரேப்பரின் 79ஆம் ரெஜிமெண்ட், சுமார் 600 சிப்பாய்கள், ஆப்பிரிக்கக் காப்பிரிகள், போர்த்துகீசியக் கலப்பினத் தொப்பாசிகள், உதவி வேலைக்கு லஸ்கர்கள். முந்தைய ஆண்டுதான் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்திருந்தது. அதனால் கட்சி மாறிய பிரெஞ்சுக்காரர்களும் இதில் உண்டு.

ஆகஸ்ட் தொடக்கத்தில் கப்பல்கள் கிளம்பின. செப்டம்பர் 23 அன்று மணிலா விரிகுடாவுக்குள் வந்தன. போர் மூண்டதே ஸ்பானியர்களுக்குத் தெரியாது. கவர்னர் பொறுப்பில் இருந்தவர் படைத்தலைவர் அல்ல, பேராயர் ரோஹோ. மறுநாள் மாலாத்தே கரையில் பேரலைகளுக்கு நடுவே படை இறங்கியது. மழை, சேறு, நனைந்த வெடிமருந்து. பம்பங்கா வீரர்கள் இரவில் வந்து பாய்ந்தார்கள். அவர்களின் வீரத்தை டிரேப்பரே எழுதி வைத்திருக்கிறார். அக்டோபர் 6 விடிகாலை மதிலில் விழுந்த உடைப்பு வழியாகப் படை உள்ளே புகுந்தது. பிறகு கொள்ளை. நகரத்தை மேலும் சூறையாடாமல் இருக்க நாற்பது லட்சம் வெள்ளி டாலர் மீட்புப்பணம் கேட்டார்கள். பாதி ரொக்கம், மீதி மாட்ரிட் கஜானாவின் பேரில் உண்டியல். மாட்ரிட் ஒரு காசும் தரவில்லை.

இந்தக் கதையில் என் நாயகன் சிமோன் தெ ஆந்தா. படைவீரன் அல்ல, நீதிபதி. நகரம் விழுவதற்குள் படகில் தப்பி, பக்கோலோரில் எதிர் அரசாங்கம் நடத்தி, ஆங்கிலேயரை மணிலா, காவிதே சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே இறுக்கி வைத்தார். வில்லன் யார் என்று கேட்டால் டாசன் டிரேக். மணிலாவை ஆள மதராஸ் அனுப்பிய கம்பெனி அதிகாரி. ஊர்ப்பணத்தைச் சொந்தப்பணமாக நினைத்தவர். திரும்பி வந்ததும் மதராஸில் விசாரணை நடந்து குற்றம் உறுதியானது.

மணிலா விழுந்த சேதி ஐரோப்பாவுக்குப் போய்ச் சேருவதற்குள் அங்கே சமாதான ஒப்பந்தத்தின் முதல் வரைவு தயாராகிவிட்டது. கைப்பற்றியது தெரியாமலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று. 1763 பிப்ரவரியில் பாரிஸ் உடன்படிக்கை. 1764 வசந்தத்தில் ஆங்கிலேயர் மூட்டை கட்டினார்கள்.

எல்லோரும் திரும்பவில்லை. பாசிக் ஆற்றங்கரைக் காவலில் இருந்த சிப்பாய்களில் ஒரு பகுதியினர் கப்பலேறாமல் அங்கேயே நின்றுவிட்டார்கள். பக்கத்திலிருந்த கயின்தா ஊரில் குடியேறி, உள்ளூர்ப் பெண்களை மணந்து, நிலம் உழுதார்கள். அவர்கள் சந்ததியினர் அங்கே இருப்பதை அந்த ஊரே சொல்கிறது. அந்தச் சிப்பாய்கள் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்தவர்கள். கம்பெனி சம்பளத்துக்காகக் கடல் தாண்டி, கம்பெனியை விட்டே விலகிய அவர்களில் எவர் பெயரையும் நம் பாடநூல் சொல்வதில்லை. டிரேப்பருக்குச் சர் பட்டம் கிடைத்தது.

1899 மார்ச்சில் அதே கயின்தாவில் துப்பாக்கி வெடித்தது. இம்முறை சுட்டவர்கள் ஜெனரல் வீட்டனின் அமெரிக்கப் படையினர். பாசிக் கரையோரமாக ஊர் ஊராகப் பிலிப்பினோக்களை விரட்டினார்கள். அந்த வீடுகளில் மதராஸ் சிப்பாய்களின் கொள்ளுப்பேரர்களும் இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்கா எந்த உரிமையில் அங்கே சுட்டது? 1898 டிசம்பர் 10 அன்று பாரிஸில் இன்னொரு உடன்படிக்கை. இரண்டு கோடி டாலருக்கு ஸ்பெயின் பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. தன் கட்டுப்பாட்டிலேயே இல்லாத நாட்டை ஸ்பெயின் விற்றது. விடுதலைக்கு உதவ வந்ததாகச் சொன்ன தேசம் வாங்கியது. அகினால்டோவின் பிரதிநிதி அகோன்சிலியோ பாரிஸ் வரை போயும் அவரை மேசையில் உட்காரவிடவில்லை. 1762இல் கம்பெனி செய்ததற்குப் பெயர் கொள்ளை. 1898இல் நடந்ததும் கொள்ளைதான். ரசீது மட்டும் கூடுதல்.

இந்த வாரம் சொல்வதாக இருந்த செனட் வாக்கெடுப்புக்கு இடமில்லை. முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1899 பிப்ரவரி 4 இரவு மணிலாவின் புறநகரில் ஓர் அமெரிக்கக் காவல் வீரன் சுட்டதில் போர் மூண்டது. இரண்டு நாள் கழித்து செனட் 57-27 என்ற கணக்கில் உடன்படிக்கையை ஏற்றது. மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவைப்பட்ட வாக்குகளைவிட ஒன்றே ஒன்றுதான் அதிகம். அந்த வாக்குகள் எப்படித் திரட்டப்பட்டன என்பது அடுத்த இதழில்.