கப்பண்டாச் செப்புச் சுரங்கம்

அவுத்திரேலியாவின் கனிய வரலாறு என்றதும் 1851ஆம் ஆண்டில் விற்றோரியாவிலே கண்டெடுக்கப்பட்ட பொன்னே பலர்க்கும் நினைவில் எழுவது. பொன் புலப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, தென் அவுத்திரேலியாவில், அடிலேயிட்டு நகருக்கு வடக்கே ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள கப்பண்டாவில் செம்பு காணப்பட்டது. பரப்பிற் சிறிய இச்சுரங்கம், ஒடிந்துவிழும் நிலையிலிருந்த ஒரு குடியேற்ற நாட்டின் கதியையே மாற்றிற்று.

தென் அவுத்திரேலியக் குடியேற்றம் 1836இல் நிறுவப்பட்டது. ஐந்தாண்டு கழியுமுன் அது கடனில் மூழ்கிற்று. ஆள்பதி கோலர் அனுப்பிய உண்டியல்களை இலண்டன் ஏற்க மறுத்தது. அவர்க்குப் பதிலாக 1841இல் வந்த கிறே, செலவைக் குறைப்பதையே தம் தலையாய கடமையாகக் கொண்டார். இந்நிலையிலேதான் 1842இல் இருவர் தனித்தனியே ஒரே குன்றில் ஒரே பொருளைக் கண்டனர். ஒருவர், அயர்லாந்திலிருந்து வந்த கப்டன் சாள்சு ஏவி பாகட்டின் மகன். அவர் காட்டுப்பூப் பறிக்கச் சென்றவர். மற்றவர், ஆட்டுப்பண்ணை நடத்திய பிரான்சிசு டட்டன். அவர் கலைந்த மந்தையைத் தேடிச் சென்றவர். பாறைமேற் படர்ந்த பச்சை நிறத்தைப் பாசியென்றே முதலில் எண்ணியதாகப் பின்னர் தாம் எழுதிய நூலில் டட்டன் கூறுகின்றார்.

இதனை வெறும் தற்செயல் என்று கூறி விடுதல் பொருந்தாது. கண்டது தற்செயலாயினும் பின்னர் நடந்தவை கணக்கிட்டுச் செய்தவை. நிலத்தை வாங்குவோர்க்கே அதனடியிலுள்ள கனிப்பொருளும் உரியதாகும் என்பது அந்நாளைய வழக்கு. ஆகவே பாகட்டும் டட்டனும் செய்தியை மறைத்து, நிலத்தை அளப்பித்து, அரசாங்க வர்த்தமானியில் அது விற்பனைக்கு அறிவிக்கப்பட்ட ஒரு மாதம் முழுவதும் வாய்திறவாதிருந்தனர். போட்டியிட எவரும் வரவில்லை. ஏக்கர் ஒன்றுக்கு ஒரு பவுண் வீதம் எண்பது ஏக்கர் அவர்கள் கைக்கு வந்தது. இங்கிலாந்தில் சோதிக்கப்பட்ட மாதிரிகளில் நூற்றுக்கு 23 பங்கு செம்பு இருந்ததெனத் தெரிந்தது. இரகசியம் வெளியான பின்னர் அயலிலுள்ள நூறு ஏக்கர் 2,210 பவுணுக்கு ஏலம் போயிற்று! இவ்வணிகம் முழுவதிலும் நச்சூரி மக்களின் பெயர் எங்கும் வரவில்லை என்பதையும் வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ளல் வேண்டும். நிலம் அவர்களுடையது, விற்றது முடி.

1844 சனவரியில் வேலை தொடங்கிற்று. தாது எருத்து வண்டிகளில் அடிலேயிட்டுத் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் வேல்சு நாட்டின் சுவான்சீ உலைகளுக்கும் சென்றது. கோண்வாலிலிருந்து சுரங்கத்தொழிலாளர் குடும்பத்துடன் வந்தனர். அங்கிருந்தே நீரிறைக்கும் நீராவிப் பொறியும் வந்தது. டட்டன் தம் காற்பங்கை 16,000 பவுணுக்கு விற்றார். பின்னர் இருமுறை அந்நாட்டின் முதலமைச்சராகவும் இருந்தார். 1845இல் பரா, 1861இல் மூண்டா எனப் பெருஞ் சுரங்கங்கள் தோன்றவே, கப்பண்டாவின் புகழ் மங்கிற்று.

மேலே அத்துணை வளமாயிருந்த தாது கீழே ஏன் வறிதாயிற்று? விடை பாறையின் வரலாற்றில் உளது. இப்பகுதியின் பாறைகள் முற்கேம்பிரியன் காலத்துக் கடலடிப் படிவுகள். ஏறத்தாழ ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மலையாக்கத்தில் அவை மடிந்து வெடித்தன. அவ்வெடிப்புகளிற் சூடான நீர்க்கரைசல்கள் புகுந்து, படிகக்கல்லையும் செம்பும் இரும்பும் கலந்த கந்தகச் சேர்வைகளையும் நரம்புநரம்பாகப் படியவிட்டன. அம்மூலத்தாது செழிப்பானதன்று. அதனைச் செழிப்பாக்கியது மழைநீரே. ஒட்சிசனைச் சுமந்து இறங்கும் நீர், கந்தகச் சேர்வைகளைச் சிதைத்து அமிலத்தை உண்டாக்கும். அமிலம் செம்பைக் கரைத்துக் கீழே கொண்டுசெல்லும். நிலத்தடி நீர்மட்டத்தை அண்டியவிடத்து அச்செம்பு மீளப் படிந்து செறியும். மேலே எஞ்சியது மலகைற்று எனும் பச்சைக் காபனேற்றாக நிற்கும். டட்டன் பாசியென்று மயங்கியது இதனையே. செறிந்த இந்த மேற்படையைத் தாண்டி ஆழம் சென்றதும் வறிய மூலத்தாதும் வற்றாத நீருமே எஞ்சும்.

கப்பண்டாவில் நடந்ததும் அதுவே. விற்றோரியப் பொன் 1850களில் ஆட்களை ஈர்த்துச் சென்றது. 1860இல் புகையிரதப்பாதை வந்தும் ஆழத்துத் தாது கட்டுபடியாகவில்லை. திறந்த குழியாக வெட்டி, அமிலத்தாற் செம்பைப் பிரித்தெடுக்கும் முயற்சியும் நடைபெற்றது. செம்பின் விலை வீழ, 1870களின் பிற்பகுதியிற் சுரங்கம் மூடப்பட்டது. அதுவரை கிடைத்த செம்பு சுமார் 14,000 தொன்.

எனினும் தேடுதல் நிற்கவில்லை. 2018இல் வெளியிடப்பட்ட மதிப்பீடு, நூற்றுக்கு 0.25 பங்கு செம்புள்ள தாதுவை அங்கே கணக்கிட்டது. முன்னோர் இதனைக் குப்பைமேட்டிலேயே எறிந்திருப்பர். இதனை வெட்டியெடுக்க எவரும் எண்ணவில்லை. துளைகளின் வழியே கரைசலைச் செலுத்தி, நிலத்தினுள்ளேயே செம்பைக் கரைத்து, மேலே இறைத்துப் பிரிப்பதே திட்டம். மழைநீர் எண்ணற்ற ஆண்டுகளிற் செய்ததைச் சில ஆண்டுகளிற் செய்து முடிப்பதற்கான முயற்சி இது. ஆயின், பழஞ் சுரங்கத்தை ஒட்டியே நகரம் இருத்தலால், கரைசல் குறித்த எல்லையைத் தாண்டி நிலத்தடிநீரிற் கலவாது காத்தல் இயலுமா என்பதே ஆய்வாளர்முன் நின்ற முதல் வினா.