சாரம் பிரிக்கும் நாள்

எதிர் மனையில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் சேலையூர்ப் பக்கம் முன்பெல்லாம் சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் கட்டித்தான் சாரம் போடுவார்கள். இப்போது இரும்புக் குழாய். போன வாரம் அந்தச் சாரத்தைப் பிரித்த அன்று மாலை, பக்கத்துத் தெருப் பையன் மடிக்கணினியோடு வந்தான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது பொறியியல் இறுதியாண்டு.

"டீச்சர், ப்ராஜெக்ட் ஆரம்பிச்சதுமே, இந்தக் கருவியைக் கைவிட்டாச்சுன்னு வருது. நோட்ஸ்ல இதைத்தான் கொடுத்திருக்காங்க. அது உருவாக்கின ஃபைல்ல பாதி எதுக்குன்னே எனக்குத் தெரியல. வைவால கேட்டா என்ன சொல்றது?"

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் இவ்வகைக் கருவிகளை 'ஸ்காஃபோல்டிங்' என்பார்கள் என்று அவன் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது எங்கள் சொல்லாயிற்றே! 1976-இல் வுட், புரூனர், ராஸ் என்ற மூவர், கற்கும் குழந்தைக்குத் தற்காலிகமாகக் கொடுக்கும் துணையை அந்தப் பெயரால் எழுதினார்கள். பணியிடைப் பயிற்சிகளில் அதை எத்தனை முறை கேட்டிருப்போம்! அவனைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

புதிய மென்பொருள் தொடங்கும்போது கோப்புறைகள், அமைப்புக் கோப்புகள், மாதிரிப் பக்கம் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் உண்டாக்கித் தருபவை இவை. இந்தச் சொல்லைப் பரவலாக்கியது 2004-இல் வெளியான ரூபி ஆன் ரெயில்ஸ். அடுத்த ஆண்டு அதை உருவாக்கிய ஹான்சன், பதினைந்து நிமிடத்தில் ஒரு வலைப்பூவைக் கட்டிக் காட்டிய காணொளி உலகம் சுற்றியது. அப்போது அதில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நிரலுக்குள் ஒரே வரி. மீதியெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். மற்றது, முழுக் கோப்புகளையும் எழுதி உங்கள் கையில் கொடுத்துவிடும், அடித்துத் திருத்திக்கொள்ளலாம். 2007 இறுதியில் வந்த இரண்டாம் பதிப்பில் முதல் வழியை எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு என்பேன்.

பிறகு 2012-இல் யோமன், 2013-இல் பைத்தான்காரர்களின் குக்கீகட்டர். பிஸ்கட் அச்சு மாதிரி: அச்சைக் குத்தி எடுத்தபின் மாவுக்கும் அச்சுக்கும் உறவில்லை. அச்சைத் திருத்தினாலும் பழைய பிஸ்கட் மாறாது. இந்தக் குறைக்காகவே காப்பியர் என்ற கருவி, அச்சில் செய்த திருத்தத்தைப் பழைய வேலைக்கும் கொண்டுவரப் பார்க்கிறது.

பையன் மாட்டிக்கொண்டது 'கிரியேட் ரியாக்ட் ஆப்'பில். 2016 ஜூலையில் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்டது. அதற்குமுன் ரியாக்ட் கற்க வந்தவர்கள், முதல் வரி எழுதுமுன்பே அமைப்புக் கோப்புகளில் தடுக்கி விழுந்தார்கள். இது எல்லாவற்றையும் ஒரு பொதிக்குள் ஒளித்து வைத்தது. உள்ளே இருப்பதைத் திருத்த வேண்டுமா? 'இஜெக்ட்' என்ற கட்டளை உண்டு. கொடுத்தால் அத்தனையும் வெளியே கொட்டும். திரும்ப உள்ளே போகாது. சாரத்தைச் சுவருக்குள்ளேயே வைத்துப் பூசிய மாதிரி! எங்கள் செயல்வழிக் கற்றல் அட்டைகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அட்டை இருந்தால் கடகடவென்று வாசிக்கும் பிள்ளை, அட்டையை எடுத்தால் விழிக்கும். அட்டைமேல் குற்றமில்லை, எடுக்க வேண்டிய நாளை நாங்கள் தள்ளிப்போட்டோம்.

2021 டிசம்பருக்குப் பிறகு அதற்குப் பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. 2024 டிசம்பரில் ரியாக்ட் 19 வந்ததும் புதிதாகத் தொடங்கியவர்களுக்குப் பிழை காட்டியது. அதைச் சரிசெய்துவிட்டு, 2025 பிப்ரவரி 14 அன்று கருவிக்கு விடைகொடுத்தார்கள். ஆனால் நோட்ஸ்கள் மாறவில்லையே!

இப்போது பலரும் போகும் இடம் 'வீட்'. பிரெஞ்சில் 'வேகமாக' என்று பொருள். இவான் யூ 2020-இல் தொடங்கியது. இதிலும் உள்ளே நிறைய ஒளிந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கொடுக்கும் கோப்புகள் சில, அமைப்புக் கோப்பு சிறியது. உட்கார்ந்தால் ஒரு மாலையில் வாசித்துவிடலாம்.

அப்படியே ஒரு மாலை உட்கார்ந்தோம். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, இது எதற்கு என்று எனக்குப் புரியும் தமிழில் சொல்லச் சொன்னேன். தெரியாததை நோட்டில் குறித்துக்கொண்டான். மொத்தம் ஒன்பது. நேற்று வந்தபோது அதில் ஏழை அடித்திருந்தான். வைவா வரும் வியாழக்கிழமை.