சயாம் இருப்புப்பாதையும் தமிழர் சான்றுகளும்

போரில் வீழ்ந்தோர் பெயரைக் கல்லிற் பொறித்து நடுதல் பண்டைத் தமிழ் மரபு. 1942–43இல் சயாம்–பர்மா இருப்புப்பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களினின்று சப்பானியர் கொண்டுசென்ற தமிழ்த் தொழிலாளர்க்கு அதுவும் வாய்த்திலது. 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பல்லாயிரவர் மாண்டனர். போர்க்கைதிகளுக்கு அவர்தம் படையினர் பெயரேடு வைத்திருந்தனர். ஆதலின் காஞ்சனபுரிக் கல்லறைகளிற் பெயர்கள் உள்ளன. தமிழர்க்கு அத்தகைய ஏடு இன்மையின், இறந்தோர் தொகையும் மதிப்பீடாகவே நிற்கின்றது.

யூதப் பேரழிவில் மாண்டோர் பெயர்களையும் பிழைத்தோர் வாய்மொழிகளையும், 1953இல் சட்டத்தால் நிறுவப்பெற்ற எருசலேம் யாட் வஷெம் நிலையம் தொகுத்துக் காக்கின்றது. நம்மிடையே ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற புதினங்கள் உள்ளன. அவை நினைவைக் காக்கும். ஆயினும் ஆவணத்திற்கு ஈடாகா. பிழைத்து மீண்டோருட் பெரும்பாலோர் மறைந்துவிட்டமையின், அவர்தம் வழியினர் கேட்டறிந்தவற்றையேனும் ஊரும் பெயரும் குறித்துத் தொகுத்தல் தமிழாய்வாளர் கடனாகும்.