ஜெர்மன் மொழியில் மரியாதை ஏவல்

ஜெர்மன் மொழியில் நண்பரை அழைக்க 'கொம்' (வா) என்ற ஏவல் வினை மட்டும் போதும். மரியாதைக்குரியவரை அழைக்க 'கொமென் ஸீ' என்று இரண்டு சொற்கள் வேண்டும். இரண்டாவது தொடருக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் 'அவர்கள் வரட்டும்' என்றாகும். எதிரில் நிற்கும் ஒருவரைப் படர்க்கைப் பன்மையில் வேண்டும் இந்த வழக்கம் பல நூற்றாண்டுகளில் படிப்படியாக உருவானது.

தொடக்கத்தில் ஒருவரை விளிக்க 'டூ' (நீ) ஒன்றே இருந்தது. 9ஆம் நூற்றாண்டில், வைசன்புர்க் மடத்துத் துறவி ஓட்ஃப்ரிட் கான்ஸ்டன்ஸ் ஆயர் சாலமோனுக்கு எழுதியபோது, 'நீங்கள்' என்னும் முன்னிலைப் பன்மையைக் கையாண்டார். இன்று 'ஈர்' என ஒலிக்கும் அந்தச் சொல், இடைக்காலம் முழுவதும் மேலோரை விளிக்கும் சொல்லாக இருந்தது. அதற்குரிய ஏவல் 'கொம்ட்'. சுவிட்சர்லாந்தின் பெர்ன் வட்டாரப் பேச்சில் இந்தப் பன்மை மரியாதை இன்றும் நிலைத்திருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் பெயரையோ பட்டத்தையோ சொல்லி, அவரைப் படர்க்கையில் குறிப்பது பணிவாகக் கருதப்பட்டது. ஆணுக்கு 'எர்' (அவன்), பெண்ணுக்கு 'ஸீ' (அவள்) என ஒருமையில் வழங்கிய இம்முறையில் 'வா' என்பது 'கொமெ எர்' (அவன் வரட்டும்) ஆயிற்று. 'உங்கள் கருணைகள்' போன்ற பன்மைப் பட்டங்கள் பன்மை வினையைக் கொண்டன. அவற்றுக்கு மாற்றாக வந்த பன்மை 'ஸீ' (அவர்கள்) அந்நூற்றாண்டின் இறுதியில் பரவி உச்ச மரியாதையாயிற்று. 'எர்' மதிப்பிழந்து, 18ஆம் நூற்றாண்டில் வேலையாட்களையும் படைவீரர்களையும் விளிக்கும் சொல்லாகத் தாழ்ந்தது. கியோர்க் புஷ்னரின் 'வொய்செக்' நாடகத்தில் படைத்தலைவர் தம் ஏவலாளான வீரனை இப்படித்தான் விளிக்கிறார்.

எனவே மரியாதை ஏவல், வடிவில் ஏவலன்று; தமிழ் இலக்கணம் வியங்கோள் என்று சொல்லும் விருப்ப வினை. 'இரு' என்னும் வினை இதற்குச் சான்று. படர்க்கைப் பன்மையில் அதன் இயல்பான வடிவம் 'ஸிண்ட்' (இருக்கிறார்கள்). மரியாதை ஏவலில் வருவதோ 'ஸையென் ஸீ' என்னும் விருப்ப வடிவம். ஏவலில் 'டூ' பொதுவாக மறைந்துவிடும்; 'ஸீ' மறையாது. எழுத்தில் அதன் முதல் எழுத்து பெரியது.

இத்தொடரை மென்மையாக்கும் 'பிட்டெ' என்ற சொல், 'கேட்டுக்கொள்கிறேன்' என்னும் தன்மை வினையின் சுருக்கம். 'மால்', 'டொக்' போன்ற இடைச்சொற்களும் கட்டளையின் கடுமையைக் குறைக்கின்றன.

1968ஆம் ஆண்டை ஒட்டிய மாணவர் இயக்கத்திற்குப் பின் பல்கலைக்கழகங்களில் மாணவர்களிடையே 'டூ' பொதுவழக்காயிற்று. எந்த விளியும் பொருந்தாத இடங்களில் ஜெர்மன் மொழி 'டூ', 'ஸீ' இரண்டையுமே தவிர்க்கிறது. பழைய சமையல் நூல்கள் 'ஒருவர் எடுப்பாராக' என்று வியங்கோளில் எழுதின. இன்றைய செய்முறைகளும் பொது அறிவிப்புகளும் 'எடுத்தல்', 'புகைக்காதிருத்தல்' என்பதுபோல், யாரையும் விளிக்காத வெறும் வினைப்பெயரையே பயன்படுத்துகின்றன.