நேர்காணலில் நான் கேட்ட கேள்வியும் அதன் பழைய வரலாறும்



இந்தக் காலாண்டு இதழுக்கும் வரலாறு பற்றி ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியர் குழு கேட்டது. இம்முறை வரலாறு நம் கிளப் ஹவுஸிலிருந்தே தொடங்குகிறது.

நம் வளாகத்துக்கு எஸ்டேட் மேனேஜர் தேர்வு செய்ய சில மாதங்களுக்கு முன் நேர்காணல் நடந்தது. வந்தவர்கள் மூவர். இரண்டு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் எலெக்ட்ரிக்கல் டிப்ளமா படித்தவர். இன்னொரு வளாகத்தில் ஜெனரேட்டர், லிஃப்ட், கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாவற்றையும் ஐந்து ஆண்டுகள் கவனித்த அனுபவம் உள்ளவர். நேர்காணல் குழுவில் நானும் இருந்தேன். ஆண்கள் இருவரிடமும் டீசல் கணக்கு எப்படிப் பார்ப்பீர்கள், மோட்டார் பழுதானால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். அந்தப் பெண்ணிடம் நான் கேட்ட முதல் கேள்வி இது: "கல்யாணம் ஆயிடுச்சாம்மா? குழந்தைங்க சின்னவங்களா? ராத்திரி தண்ணி லாரி வந்தா எப்படிம்மா சமாளிப்பீங்க?"

அவர் கோபப்படவில்லை. "சார், மத்த ரெண்டு பேர்கிட்டயும் இதைக் கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

முடிவெடுக்க நாங்கள் பத்து நாள் எடுத்துக்கொண்டோம். அவரையே சேர்த்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டபோது, அவர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டிருந்தார். அன்றிலிருந்து நான் கேட்ட கேள்வி எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். நான் கேட்டதை எனக்கு முன்னால் அரசாங்கமே சட்டமாக எழுதி வைத்திருந்தது என்று தெரிந்தது.

முதலில் நம் கிண்டி பொறியியல் கல்லூரி. 1940-ல் அங்கே அ. லலிதா என்ற பெண் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பதினைந்து வயதில் திருமணம் ஆகி, பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். அவருடைய தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர். லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இருவரும் அடுத்துச் சேர்ந்தார்கள். அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி என்பதால் பட்டச் சான்றிதழில் 'அவன்' என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். அதைப் பேனாவால் அடித்துவிட்டு 'அவள்' என்று மேலே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. படிவங்களோடு வாழ்ந்த எனக்கு இந்தச் செய்தி மறக்கவே இல்லை. படிவம் யாரை எதிர்பார்த்து அச்சடிக்கப்பட்டது என்பதில் நிறைய விஷயம் இருக்கிறது. லலிதா பிறகு கல்கத்தாவில் பெரிய மின் நிறுவனத்தில் பணியாற்றினார். திரேசியா கேரள பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

சுதந்திரம் வந்தது. வேலைவாய்ப்பில் பாலினப் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 16-வது பிரிவு சொன்னது. ஆனால் அரசாங்கத்தின் சொந்த விதிப் புத்தகம் வேறு மாதிரி இருந்தது.

1951-ல் ஐ.ஏ.எஸ். தேர்வில் வென்றவர் அன்னா ஜார்ஜ். அந்தப் பணிக்கு வந்த முதல் பெண். நேர்காணல் குழுவினர், வெளியுறவுப் பணியோ மற்ற மத்தியப் பணிகளோ பெண்ணுக்கு ஏற்றவை என்று அறிவுரை சொன்னார்கள். அவர் விடாமல் ஐ.ஏ.எஸ்.ஸையும் நம் சென்னை மாகாணத்தையும் கேட்டு வாங்கினார். பணி ஆணையில் ஒரு வரி இருந்தது. திருமணம் செய்துகொண்டால் வேலை முடிவுக்கு வரும். முதல்வராக இருந்த ராஜாஜிக்கும் பெண் சப்-கலெக்டர் என்பதில் தயக்கம் இருந்தது. தலைமைச் செயலகத்தில் வேலை தரலாம் என்றார்கள். அன்னா மறுத்தார். குதிரை ஏற்றமும் துப்பாக்கி சுடுதலும் ஆண்களோடு சேர்ந்து தானும் கற்றவர், மாவட்டப் பணிக்கே போனார். பிறகு ராஜாஜியே அவரைப் பாராட்டிப் பேசினார்.

திருமண விதி சில ஆண்டுகளில் மாறியது. அன்னா பின்னாளில் மணந்தது உடன் பயிற்சி பெற்ற ஆர்.என். மல்ஹோத்ராவை. 1985 முதல் 1990 வரை ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த அதே மல்ஹோத்ராதான். கவுண்டரில் அவர் கையெழுத்துப் போட்ட நோட்டுகளை லட்சக்கணக்கில் எண்ணியிருக்கிறேன். அவர் மனைவியின் கதை அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்தவர் சி.பி. முத்தம்மா. குடகு நாட்டில் விராஜ்பேட்டையில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1949-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். கல்யாணம் செய்தால் விலகுகிறேன் என்று அவரும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அன்னாவுக்கு 'பெண்ணுக்கு ஏற்றது' என்று சிபாரிசு செய்த வெளியுறவுப் பணியில் சேர்ந்தவரின் நிலைமையே இப்படி.

1961-ல் வந்த விதிகள் இதை இன்னும் தெளிவாக எழுதின. பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும். திருமணத்துக்குப் பிறகு, குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். திருமணமான பெண் இப்பணியை உரிமையாகக் கோர முடியாது. நான் கிளப் ஹவுஸில் கேட்டது இதே விதியைத்தான். அரசிதழ் மொழியில் இல்லாமல் 'அம்மா' போட்டுக் கேட்டேன், அவ்வளவுதான்.

முத்தம்மா 1970-ல் ஹங்கேரிக்குத் தூதரானார். வெளியுறவுப் பணியிலிருந்து தூதரான முதல் பெண் அவர். ஆனாலும் உயர்நிலைப் பதவி உயர்வு வந்தபோது தாண்டிச் செல்லப்பட்டார். அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அரசு பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. அதனால் 1979 செப்டம்பரில் மனு தள்ளுபடி ஆனது. ஆனால் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் சும்மா தள்ளுபடி செய்யவில்லை. குடும்பப் பொறுப்பு பெண் அதிகாரிக்கு இடையூறு என்றால், அதே நிலை ஆண் அதிகாரிக்கும் வரலாமே என்று கேட்டார். எல்லாப் பணி விதிகளையும் அரசு தானாகவே திருத்த வேண்டும், ஒவ்வொருவரும் வழக்குப் போடும்வரை காத்திருக்கக் கூடாது என்றார். இடைப்பட்ட மாதங்களில் முத்தம்மா இழந்த சீனியாரிட்டியையும் மறுபரிசீலனை செய்யச் சொன்னார்.

அதற்கு முன்பே, 1965-ல், ஒரு மருந்து நிறுவனத்தின் வழக்கு வந்தது. பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பெண் திருமணம் செய்தால் வேலை போகும் என்பது அங்கே விதி. திருமணமானவர்கள் அதிகம் லீவு போடுவார்கள் என்று நிறுவனம் காரணம் சொன்னது. பேறுகால விடுப்பைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை, அதற்கும் சிலரை லீவ் ரிசர்வாக வைத்துக்கொண்டால் போதும் என்று உச்ச நீதிமன்றம் விதியை நீக்கியது. லீவ் ரிசர்வ் கிளார்க்காக ஊர் ஊராகப் போனவன் நான். பெரிய தத்துவப் பிரச்சினையாகத் தெரிந்தது கடைசியில் ஆள் ஏற்பாட்டுப் பிரச்சினைதான்.

எல்லாம் நேர்கோட்டில் முன்னேறியது என்றும் சொல்ல முடியாது. 1981-ல் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கில், கர்ப்பமானால் வேலை போகும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் கூடாது என்ற விதியை ஏற்றுக்கொண்டது.

இரவு வேலைக்கும் இதே போல ஒரு கதை உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் வேலை செய்வதைத் தடுத்தது. அதே காலத்தில் மருத்துவமனைகளில் நர்சுகள் இரவு முழுவதும் வேலை பார்த்தார்கள். 2000-ல் நம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்து, இரவில் பெண்களுக்குப் பாதுகாப்பும் வாகன வசதியும் தருவது முதலாளியின் பொறுப்பு என்று நிபந்தனை விதித்தது. நம் வளாகத்தையே பாருங்கள். துப்புரவுப் பணிக்கு வரும் பெண்கள் காலை ஐந்தரை மணிக்கு இருட்டில் கேட்டுக்குள் நுழைகிறார்கள். அவர்களிடம் யாரும் "எப்படிம்மா சமாளிப்பீங்க?" என்று கேட்டதில்லை. சம்பளமும் அதிகாரமும் உள்ள வேலை வரும்போதுதான் நமக்கு அவர்கள் பாதுகாப்பு நினைவுக்கு வருகிறது.

இனி என் கணக்கு. 1981-ல் வங்கியில் சேர்ந்தேன். ஆபீசர் பதவி உயர்வு என்றால் வெளியூர் மாற்றல். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பையன் பத்தாம் வகுப்பு. பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். குடும்பத்துக்காகத்தான். "பொறுப்பான மனுஷன்" என்றார்கள். என் அருகில் உட்கார்ந்திருந்த சகோதரி ஒருவர் அதே காரணத்துக்காக அதையே எழுதிக் கொடுத்தபோது, "லேடீஸ்னா இப்படித்தான்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். வணிகவியல் படித்தவன். ஒரே இனத்தை ஆணுக்கு வரவிலும் பெண்ணுக்குப் பற்றிலும் எழுதினால் கணக்கு எப்படி நேராகும் என்று அன்று தோன்றவில்லை.

எஸ்டேட் மேனேஜர் பதவி இன்னும் காலியாக இருக்கிறது. அடுத்த நேர்காணலுக்குச் செயற்குழுவிடம் ஒரு கேள்விப் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மொத்தம் பன்னிரண்டு கேள்விகள். எல்லாம் டீசல், மோட்டார், லிஃப்ட், கணக்கு, ஆட்களை நடத்தும் விதம் பற்றியவை. யார் வந்தாலும் அதே பன்னிரண்டு, அதே வரிசை. இரவில் வர வேண்டியிருக்கும் என்பதையும் எல்லோரிடமும் சொல்லிவிடலாம். அதற்கான வண்டிச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். அது ஆணுக்கும் சேர்த்துத்தான்.

பட்டியல் சங்க அலுவலக அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. விட்டுப்போன கேள்வி இருந்தால் எழுதிச் சேருங்கள். சேர்ப்பதற்கு முன், அதே கேள்வியை உங்கள் மகனிடம் யாராவது கேட்பார்களா என்று ஒருமுறை யோசித்துவிட்டுச் சேருங்கள்.